அமாவாசைக்கு நாலு பேருக்கு ஒரு டேபிள்

வில்லிவாக்கம், சென்னை
12-8-2024

அன்புள்ள தம்பி வேணுகோபாலுக்கு,

அக்கா சூர்யகலா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் சர்க்கரையும் அபிதாவின் இடுப்பு வலியும் எப்படி இருக்கின்றன?

முப்பது வருஷம் டெலிபோன் ஆபீசில் குப்பை கொட்டியவள், கூடப்பிறந்தவனுக்குக் கடுதாசி எழுதும்படி ஆகிவிட்டது. விசைத்தறிச் சத்தம் உன் காதைத் தின்றுவிட்டது. காது மிஷின் வாங்கி மாட்டுடா என்றால் மாட்டேன் என்கிறாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ "ஆங்? ஆங்?" என்கிறாய். நான் கத்துகிறேன். எங்கள் அடுக்குமாடியில் எல்லா வீட்டுக் கதவும் திறக்கிறது. இந்த விஷயத்தை ஊருக்குக் கேட்கும்படி பேச முடியாது.

கிரணுடைய ஓட்டல் இருக்கிற கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்களாம். ஜனவரி கடைசியோடு காலி செய்ய வேண்டும். உன் பிள்ளை வேறு இடம் பார்க்கவில்லை. மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் சமையல் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டான். போன ஆவணியில் கடை திறந்த அன்றைக்கு நாமெல்லாம் போய்ச் சாப்பிட்டதோடு சரி. அதற்கப்புறம் நீ அடையாறு பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அவன் ஆரணி பக்கம் வரவில்லை. பொங்கலுக்குக்கூட வரவில்லை. இருக்கிறது ஒரே பிள்ளை. அன்றைக்கு நடந்ததை நான் கிளறப்போவதில்லை. ஆனால் கடை மூடுவதற்குள் நீ ஒரு தடவை வந்து அவன் கையால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இந்த மனத்தாங்கலோடு அவன் விமானம் ஏறினால் எப்போது திரும்புவானோ, திரும்பி உன் வீட்டுக்கு வருவானோ, எனக்கு பயமாக இருக்கிறது.

அங்கே எட்டே டேபிள்தான். முன்கூட்டிச் சொல்லி வைக்காமல் இடம் கிடைக்காது. என்றைக்கு வருகிறாய் என்று ஒரே வரியில் எழுது.

உன் நலம் விரும்பும்
அக்கா


ஆரணி
21-8-2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வேணு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். முழங்காலுக்குத் தைலம் கொரியரில் அனுப்பியிருக்கிறேன்.

ஒரே வரியில் எழுதச் சொன்னாய். இப்போது முடியாது.

காரணம் கேட்பாய். ஆவணி முகூர்த்தச் சேலைகள் எல்லாத் தறியிலும் ஓடுகின்றன. தறி நிற்கிற நாள் அமாவாசை ஒன்றுதான். தறிக்காரன் வீட்டில் பிறந்தவளுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அமாவாசையன்று அப்பாவுக்குப் படைத்து, காக்காவுக்கு வைத்து, வீட்டில் சமைத்ததைத்தான் சாப்பிடுவேன், வெளியில் ஒரு வாய் தொடமாட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். ஆக, வர முடிகிற நாளில் சாப்பிட முடியாது. சாப்பிட முடிகிற நாளில் வர முடியாது. என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?

இன்னொன்று. சோறு போடுகிற கடைக்கு எவனாவது 'பாவடி' என்று பெயர் வைப்பானா? நம் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுகிற இடம் அது. அங்கே நாய் படுத்திருக்கும்.

என்னைக் கூப்பிடச் சொல்லி அவன் சொன்னானா? அதை மட்டும் எழுதவும்.

தங்கள் அன்புத் தம்பி
வேணு


வில்லிவாக்கம்
31-8-2024

தம்பி வேணுவுக்கு,

தைலம் வந்தது. தேய்த்தேன். முழங்கால் எரிகிறது, வலி அப்படியே இருக்கிறது. எல்லோரும் சுகமா?

அவன் கூப்பிடச் சொல்லவில்லை. நீ வருகிறேன் என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு. நடுவில் நான் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

தேதியை நானே குறித்துவிட்டேன். செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை மதியம். அமாவாசை இல்லை. புரட்டாசியும் பிறக்கவில்லை. நீ, அபிதா, நான், நாலாவது நாற்காலி அவனுக்கு. டேபிளை என் பெயரில் எழுதி வைத்தேன். கிரணுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைவச் சாப்பாட்டுக் கடைதான், அதிலும் உனக்குச் சாக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தறி நின்றால் ஆரணிப் பட்டுக்குப் பெயர் கெட்டுவிடாது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்.

அக்கா


ஆரணி
19-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலமே. உன் கால் எப்படி இருக்கிறது?

கோபத்தில் இருப்பாய். நடந்தது இதுதான். சனிக்கிழமை திடீரென்று படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஒரு மாவிளக்கு பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. போனோம். பூசை முடிய நேரமாகிவிட்டது. அங்கே பஸ் எவ்வளவு கம்மி என்று உனக்குத் தெரியும். கடைசி வண்டியும் போய்விட, கோயில் மண்டபத்திலேயே படுத்தோம். ஞாயிறு வீடு வந்து சேரும்போது உச்சி வெயில். அம்மன் காரியம், நம் கையில் இல்லை.

இனி புரட்டாசி, அதை விட்டால் தீபாவளிச் சேலை அவசரம். பிறகு பார்க்கலாம்.

வேணு


வில்லிவாக்கம்
27-9-2024

வேணு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

அம்மன் உன்னைச் சனிக்கிழமை வரச் சொன்னாளா? அந்த மாவிளக்கு எத்தனை வருஷமாகப் பாக்கி? என் காதில் பூச்சுற்றாதே. என் காது நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தக் கடையில் டேபிள் எழுதிக்கொள்கிற பெண் லாவண்யா. உனக்காக வீட்டிலேயே காத்திருந்து நானும் அன்றைக்குப் போகாமல் விட்டேனே, மரியாதைக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்று பிறகு போனேன். "பரவால்ல ஆன்ட்டி, ஆனா ஞாயித்துக்கிழம மதியானம் ஒரு டேபிள சும்மா வெச்சிகினு இருந்தோம், வெளிய எத்தன பேரு நின்னுகினு இருந்தாங்க தெரியுமா?" என்றாள். கிரண் சமையற்கட்டுக் கதவைத் திறந்து பார்த்தான். "யாருக்கு அத்த அந்த டேபிளு?" என்று கேட்டான். என் சிநேகிதிகளுக்கு என்று பொய் சொன்னேன். இந்த வயதில் உன்னால் பொய் சொல்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு. தீபாவளி முடிந்திருக்கும். இதுவும் தவறினால் நான் உனக்கு எழுதுவதை நிறுத்திவிடுவேன்.

சூர்யகலா


ஆரணி
14-11-2024

அன்புள்ள அண்ணிக்கு,

அபிதகுசாம்பாள் எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பத்தாம் தேதி நாங்கள் கிளம்பினோம், அண்ணி. நிஜமாகவே கிளம்பினோம். இவர் புது வேட்டி கட்டிக்கொண்டார். ஆற்காடு பஸ் ஸ்டாண்டு வரை வந்ததும், "வயித்தக் கலக்குது, திரும்பிடலாம்" என்று இறங்கிவிட்டார். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. அங்கேயே இரண்டு போண்டா சாப்பிட்டார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக வீட்டில் முள் கரண்டியால் சாப்பிட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து, பீரோவில் கிடந்தது. காலையில் உப்புமாவைக் குத்திக் குத்திப் பார்க்கிறார். குத்தினால் உப்புமா வருமா? பாதி மடியில் கொட்டுகிறது. எதற்குங்க இந்தப் பேஜார் என்று கேட்டேன். "அன்னிக்கு நான் கையால பெசஞ்சி வழிச்சி சாப்ட்டேன்ல, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. புள்ளைக்கு மானம் போச்சி. அதான் வூட்டுப் பக்கம் வரமாட்றான். கத்துக்கினு போறேன்" என்கிறார்.

அண்ணி, அவர்கள் ஏன் திரும்பிப் பார்த்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் ஒரு பெரிய தட்டு வந்தது. நடுவில் ஒரு சின்ன உருண்டை, மேலே ஒரு கொத்துமல்லி இலை. இவர் என் காதோரம் குனிந்து, "இதுக்கா எம்புள்ள தறிய விட்டுட்டு வந்தான்?" என்றார். ரகசியமாகச் சொன்னாராம். தறி ஓடும்போது நாங்கள் பேசிக்கொள்கிற ரகசியம் அது. கடை மொத்தமும் கேட்டது. அடுத்த தட்டோடு கிரண் பின்னால் நின்றுகொண்டிருந்தான். இவருக்கு இன்றுவரை அது தெரியாது. என் காதுக்கு மட்டும் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் மூத்தவர்கள். நீங்களே சொல்லுங்கள்.

அபிதா


வில்லிவாக்கம்
20-11-2024

அன்புள்ள வேணுவுக்கு,

சௌக்கியமா? எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்றேன். நிறுத்த முடியவில்லை. உட்கார்ந்து படி. வீட்டில் வேறு யாருக்கும் படித்துக் காட்டாதே.

உன் பிள்ளை உன் வேட்டியைப் பார்த்தோ, நீ கையால் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்தோ கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு முதல் தட்டு வந்ததும் அபிதா காதில் நீ ஒன்று சொன்னாய். "இதுக்கா எம்புள்ள தறிய விட்டுட்டு வந்தான்?" அது அபிதா காதோடு நிற்கவில்லை, வேணு. கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. உனக்குப் பின்னால் தட்டோடு நின்ற கிரணுக்கும் கேட்டது. உனக்கு மெதுவாகப் பேச வராது. பல வருஷமாக வராது.

நீ தெரிந்தே சொன்னதாகத்தான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவனும் அப்படித்தான் நினைக்கிறான்.

இப்போது எப்போது வருகிறாய் என்று சொல்.

அக்கா


வில்லிவாக்கம்
16-12-2024

வேணு,

கார்த்திகை தீபமும் போய்விட்டது. ஒரு வரி இல்லை. உயிரோடு இருக்கிறாயா? அபிதாவுக்குப் போன் செய்தால் "தறிக்கூடத்துல இருக்காரு அண்ணி" என்று வைத்துவிடுகிறாள். லாவண்யா என்னைக் கடை வாசலில் பார்த்தாலே "டேபிளா ஆன்ட்டி?" என்று கேட்கிறாள். கடையில் சாமான்களை விற்க ஆரம்பித்துவிட்டார்கள். மாவரைக்கிற மிஷின் போன வாரம் போய்விட்டது.

எழுது.

சூர்யகலா


ஆரணி
24-12-2024

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி நலம் என்று எழுத மனம் வரவில்லை.

எனக்கு உங்கள் எல்லோர் மேலும் கோபமாக இருக்கிறது. பொண்டாட்டிக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும், பக்கத்து டேபிளில் தோசை தின்றவனுக்குத் தெரியும். சொன்னவனுக்கு மட்டும் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்குக் காதுதான் இல்லை. உங்களுக்கெல்லாம் வாயுமா இல்லை? நான் பைத்தியக்காரன் மாதிரி உப்புமாவைக் குத்திக்கொண்டிருந்தேன்.

ஆமாம், சொன்னேன். பசி. பஸ்ஸில் வந்த அலுப்பு. அவ்வளவு பெரிய தட்டில் அவ்வளவு சின்ன உருண்டையைப் பார்த்ததும் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு வத்தக்குழம்பு வைத்தான். நம் அம்மா வைக்கிற அதே குழம்பு. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

இப்போது வருகிறேன். ஆனால் நாள்தான் இல்லை. இதுவரை நான் சொன்னதெல்லாம் சாக்கு. இனி சொல்வது நிஜம். தறியில் எனக்குத் துணையாக இருந்த சுதாகர் சேத்துப்பட்டில் சொந்தமாகத் தறி போட்டுக்கொண்டு போய்விட்டான். தை முகூர்த்தச் சேலைகளுக்கு வாக்கு கொடுத்தாயிற்று. இழை அறுந்தால் முடிச்சுப் போட என்னை விட்டால் ஆளில்லை. மார்கழி அமாவாசைக்குள் இந்தக் கடுதாசி உன் கைக்கு வராது; அதை விட்டால் ஜனவரி கடைசிக்குள் தறி நிற்கிற நாள் ஒன்றுதான். தை அமாவாசை, 29ஆம் தேதி. அன்றைக்கு வந்து அவனைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்புகிறேன். அப்பாவுக்கு வருஷா வருஷம் செய்கிறதை என்னால் விட முடியாது.

வேணு


வில்லிவாக்கம்
3-1-2025

அன்புள்ள வேணுவுக்கு,

புது வருஷத்தில் எல்லோரும் நன்றாக இருங்கள்.

ஓட்டலுக்கு வருவானாம், சாப்பிடமாட்டானாம்! இதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். சுவரைப் பார்த்துத் திட்டினேன். அப்புறம் ஒன்றும் தோன்றாமல், உன் கடுதாசியை எடுத்துக்கொண்டு போய் கிரணிடமே கொடுத்துவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

நின்றபடியே படித்தான். "அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா அத்த?" என்றான். தெரியாதுடா என்றேன். திரும்பவும் முதலிலிருந்து படித்தான். உப்புமா வந்த இடத்தில் சிரித்தான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பார்க்காத மாதிரி லாவண்யாவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது கூடவே வாசல் வரை வந்தான். "வூட்ல சமைச்சத தான சாப்டுவாரு? நான் யாரு அத்த, அவரு வூட்டு ஆளு இல்லியா? அமாவாசைக்கு நானே சமைக்கிறேன். வாழக்காயா பூசணிக்காயான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

29ஆம் தேதி மதியம், நாலு பேர். லாவண்யா பேனாவைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அழிக்க முடியாத மையில் எழுது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா


ஆரணி
11-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பொங்கல் வாழ்த்துகள்.

வாழைக்காய். பூசணி வேண்டாம், அப்பாவுக்குப் பிடிக்காது. வெங்காயம், பூண்டு எதிலும் கூடாது. தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். படைக்கிற வரைக்கும் யாரும் நாக்கில் வைத்து ருசி பார்க்கக்கூடாது. இதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஓட்டல்காரனுக்கு அது கைப்பழக்கம். ருசி பார்க்காமல் அவனுக்குச் சமைக்க வருமா? கேட்டுச் சொல். அடையாற்றில் காக்கா வருமா? வராவிட்டால் சாப்பிட முடியாது. அப்பா போட்டோவை நான் கொண்டுவரட்டுமா, அல்லது உன் வீட்டில் இருப்பதை எடுத்து வருகிறாயா? பித்தளைக் குத்துவிளக்கு அங்கே உண்டா? இலையின் நுனி இடப்பக்கம் வர வேண்டும் என்பது அவனுக்கு நினைவிருக்குமா?

வேணு


வில்லிவாக்கம்
17-1-2025

வேணு,

நலம். கால் வலி அப்படியே.

போட்டோவை நீ கொண்டு வா. காக்கா வரும். நீ வா.

சூர்யகலா


ஆரணி
31-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டதா? கஞ்சி மட்டும் குடி. எங்களையெல்லாம் ஆறு மாதம் விரட்டி விரட்டி டேபிள் போட்டுவிட்டு, கடைசியில் நீ படுத்துக்கொண்டாய். போனில் அபிதா சொன்னது போதாது, எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றாயாம். எழுதுகிறேன்.

முதல் பஸ்ஸில் வந்தோம். அப்பா போட்டோவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஆற்காட்டில் அபிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எங்கே ஓடப்போகிறேன்?

ஓட்டலில் கிரண் ஈர வேட்டியோடு நின்றான். தலை துவட்டாமல் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "வாங்க" என்றான். அவ்வளவுதான். நான் அப்பா போட்டோவை நீட்டினேன். இளைத்திருக்கிறான். தாடி வேறு. உன் நாற்காலி காலியாக இருந்ததால் அதில் அப்பாவை வைத்தோம். அவன் இலை போட்டான். நுனி சரியாக இடப்பக்கம். குத்துவிளக்கு எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தான். கற்பூரம் காட்டும்போது மற்ற டேபிள்காரர்களும் எழுந்து நின்றார்கள்.

அவன் சாதத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். போனவன் வரவேயில்லை. இலையில் எல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. என் சத்தம் எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும், அக்கா. தெரிந்துதான் கத்தினேன்.

"டேய் கிரணு! காக்கா எடுத்துச்சாடா?"

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. திரும்பினால் திரும்பட்டும்.

"எடுத்துச்சிப்பா!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்குச் சமமாகக் கத்தினான். முதல் தடவையே கேட்டது. நான் "ஆங்?" என்று கேட்கவில்லை. அபிதா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

வந்து நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தான். நான் வழக்கம்போல் பிசைந்து, வழித்துத்தான் சாப்பிட்டேன். ஞாபகமாகக் கொண்டுபோன முள் கரண்டி பையிலேயே கிடந்தது. அபிதா அதை எடுத்து அவனிடம் காட்டிவிட்டாள். அவன் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பாவடி என்று ஏன்டா பேர் வைத்தாய் என்று கேட்டேன். "பாவு நீட்றப்ப தெருவே ஒண்ணா நிக்குமே, அதான்பா" என்றான். நாயும்தான் நிற்கும் என்றேன்.

மாசிக் கடைசியில் அவனுக்கு விமானம். அதற்கு முன் மாசி அமாவாசைக்குத் தறி நிற்கும்போது ஆரணிக்கு வந்து சமைக்கிறேன் என்றான். பூசணிக்காய் செய்யலாமா என்று கேட்டான். தாத்தாவுக்குப் பிடிக்காதுடா என்றேன். நீயும் அதற்குள் எழுந்து வந்து சேர். எந்த டேபிளும் எழுதி வைக்க வேண்டாம்.

சாப்பாடு எப்படி என்று கேட்பாய். வாழைக்காய் வறுவல் பிரமாதம். அதை அங்கேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இனி எழுதுவது உனக்கு மட்டும். குழம்பில் உப்பு ஒரு கல் கம்மி. பாயசத்தில் வெல்லம் கொஞ்சம் தூக்கல். ருசி பார்க்காமல் சமைத்தால் அப்படித்தான் இருக்கும். அவன் பார்க்கவில்லை, அக்கா. வீட்டுச் சாப்பாடுதான்.

உன் தம்பி
வேணு